'வில்' எங்கே முடிகிறது, 'தட்' எங்கே தொடங்குகிறது: ஆங்கில எதிர்காலத் தொடர்கள் குறித்த எளிய விளக்கம்

"'வில்' போட்டால் எதிர்காலம்" என்ற ஒரு வரி விதியோடு ஆங்கிலத்தின் எதிர்காலத்தைக் கற்று முடித்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். தனி வாக்கியங்களில் அந்த விதி நம்மைக் கைவிடுவதில்லை. 'அவர் நாளை வருவார்' என்பதை 'ஹி வில் கம் டுமாரோ' என்று எழுதிவிடலாம். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை வைக்க நேரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. 'உடம்பு சரியில்லை என்று சொல்வான்', 'பணம் உங்கள் கைக்கு வரும்படி பார்த்துக்கொள்கிறேன்', 'வருவதாகச் சொன்னார்' ஆகிய மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் எதிர்காலம் இருக்கிறது. ஆனால் இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது, முதலாவதில் வெளி வாக்கியத்தில் மட்டுமே 'வில்' வருகிறது. இரண்டாவதில், பணம் வருவது நாளை நடக்கவிருக்கும் செயலாக இருந்தும், அந்தச் செயலுக்கு 'வில்' வருவதில்லை. மூன்றாவதில் 'வில்' உருவம் மாறி 'வுட்' ஆகிவிடுகிறது. இவற்றை விதிவிலக்குகள் என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது கற்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன், ஏனெனில் மூன்றின் பின்னும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

உறையும் கடிதமும்

அஞ்சலில் வரும் ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் அஞ்சலக முத்திரை இருக்கும். அதில் ஒரு தேதி இருக்கும். உள்ளே இருக்கும் கடிதத்தில் எழுதியவர் 'நேற்று இங்கே நல்ல மழை' என்று எழுதியிருப்பார். அந்த 'நேற்று' கடிதம் எழுதப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் உறையைப் பிரித்த நாளிலிருந்து எண்ணினால் பொருள் தவறிவிடும்.

ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் அமைவதும் இப்படித்தான். 'ஹி வில் சே தட் ஹி இஸ் இல்' என்பதில் 'ஹி வில் சே' என்பது உறை. 'ஹி இஸ் இல்' என்பது கடிதம். உறையாக அமையும் பகுதியை முதன்மை வாக்கியம் என்றும், உள்ளே அமையும் பகுதியைச் சார்பு வாக்கியம் என்றும் இலக்கணம் சொல்கிறது. 'வில்' என்பது உறையின் மேல் குத்திய முத்திரை. உள்ளே இருக்கும் தாளில் அது பதிவதில்லை. அவன் சொல்லப்போவது நாளையாக இருக்கலாம். சொல்லும்போது அவனுக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த நேரத்து நிகழ்காலம். ஆகவே உள்ளே 'இஸ்' போதும்.

முன்னால் நிற்கும் 'என்று'

சார்பு வாக்கியத்தை முதன்மை வாக்கியத்தோடு பிணைக்கும் சொல்தான் 'தட்'. தமிழில் அந்த வேலையைச் செய்வது 'என்று'. 'என்' என்ற வினையின் எச்சம் அது. 'என்றான்', 'என்பார்கள்' ஆகியவற்றில் உள்ள அதே வேர். பிறர் சொன்னதைச் சொல்லி முடித்த பிறகே தமிழில் 'என்று' வரும். ஆங்கிலத்தின் 'தட்' சுட்டுச்சொல்லிலிருந்து பிறந்தது. 'அது' என்று கைகாட்டிவிட்டு, எது என்பதைப் பிறகு சொல்வது போன்ற அமைப்பு. ஆகவே தமிழில் கேட்டு முடித்த பிறகுதான் அது மேற்கோள் என்பது உறுதியாகிறது. ஆங்கிலத்தில் கேட்பதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிடுகிறது. சுட்டாக வரும் 'தட்' அழுத்தமாக ஒலிக்கும் என்பதையும், இணைப்பாக வரும் 'தட்' பேச்சில் உயிரெழுத்துத் தேய்ந்து மெலிதாக ஒலிக்கும் என்பதையும் செய்தி வாசிப்பவர்களைக் கூர்ந்து கேட்டால் அறியலாம். 'சே', 'திங்க்', 'நோ', 'ஹோப்' போன்ற அன்றாட வினைகளுக்குப் பின் அந்த மெலிந்த 'தட்' மறைந்தே போய்விடுவதும் உண்டு. 'ஐ திங்க் ஹி வில் கம்' என்பது முழுமையான வாக்கியமே.

'என்று', 'தட்' இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தமிழின் 'என்று' நேர்கூற்றையும் ஏற்கும், அயற்கூற்றையும் ஏற்கும். பிறர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே சொல்வது நேர்கூற்று. நம் நிலையிலிருந்து மாற்றிச் சொல்வது அயற்கூற்று. 'நான் வருவேன் என்று சொல்வான்' என்று தமிழில் சொல்லும்போது அந்த 'நான்' அவனைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்கிறோம். இதை அப்படியே 'ஹி வில் சே தட் ஐ வில் கம்' என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், வரப்போகிறவர் பேசிக்கொண்டிருக்கும் நாம் என்று பொருள் மாறிவிடும். 'தட்' வந்துவிட்டால் அது அயற்கூற்றுதான். 'ஹி வில் சே தட் ஹி வில் கம்' என்றே எழுத வேண்டும்.

இதுவரை கண்டவை இரண்டு. 'வில்' தான் நிற்கும் வாக்கியத்துக்கு மட்டுமே உரியது. 'தட்'டைத் தாண்டி அதன் ஆட்சி செல்வதில்லை. பிறர் சொல்வதைச் சொல்லும்போது 'தட்'டுக்குப் பின் வருவது அயற்கூற்று.

'வில்' என்பது உண்மையில் என்ன

தமிழ் வினைக்குள்ளேயே எதிர்காலத்துக்கென ஓர் உறுப்பு இருக்கிறது. 'செய்வான்' என்பதில் வ், 'படிப்பான்' என்பதில் ப். இவற்றை எதிர்கால இடைநிலைகள் என்று நன்னூல் வகுத்துத் தருகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய உறுப்பு கிடையாது. 'வாக்' என்ற வினை இறந்தகாலத்தில் 'வாக்ட்' என்று உரு மாறும். எதிர்காலத்துக்கென்று அது மாறும் உருவம் எதுவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்துக்கும் பயன்பட்டது. அப்போது 'வில்' என்பதன் முன்னோடிச் சொல் 'விரும்பு' என்றும், 'ஷால்' என்பதன் முன்னோடிச் சொல் 'கடன்படு' என்றும் பொருள் தந்தன. விருப்பத்தையும் கடமையையும் சொன்ன அந்த வினைகள் காலப்போக்கில் துணைவினைகளாக, அதாவது வேறொரு வினையைச் சார்ந்து நின்று அதன் பொருளைத் திருத்தும் சொற்களாக மாறின. ஆங்கிலத்துக்கு உண்மையான எதிர்கால வடிவம் இல்லை என்று டென்மார்க் மொழியறிஞர் ஒட்டோ எஸ்பர்சன் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வாதிட்டார். 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும் அதே முடிவையே எடுத்திருக்கிறது.

இதை ஏட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 'வில்' காலத்தைக் காட்டும் உறுப்பு அல்ல, பேசுபவரின் கணிப்பையோ உறுதியையோ காட்டும் துணைவினை என்று புரிந்துகொண்டால், நடக்கப்போகும் ஒவ்வொரு செயலுக்கும் அது ஏன் தேவைப்படுவதில்லை என்பதும் புரிந்துவிடும். கணிப்போ உறுதியோ வேறு வழியில் வெளிப்பட்டுவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை.

காலம் எங்கிருந்து எண்ணப்படுகிறது

அதிகம் இடறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். சொல்லுதல், நினைத்தல், அறிதல், உணர்தல் ஆகியவற்றைக் குறிக்கும் 'சே', 'திங்க்', 'நோ', 'ரியலைஸ்', 'அட்மிட்' போன்ற வினைகள் 'வில்'லோடு வரும்போது, உள்ளே இருக்கும் வாக்கியத்தின் காலம் அந்தச் சொல்லும் நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது.

திங்கட்கிழமை காலையில் தாமதமாக வரும் பழக்கமுள்ள ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையே பேசுவதாக வைத்துக்கொள்வோம். 'நாளைக்கும் பிந்தித்தான் வருவான். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் என்பான்' என்கிறார். ஆங்கிலத்தில் இது 'ஹி வில் சே தட் ஹி மிஸ்ட் த பஸ்' என்று வரும். 'மிஸ்ட்' என்பது இறந்தகாலம். ஆனால் ஆசிரியர் பேசும் நேரத்தில் அந்தப் பஸ் புறப்படவே இல்லை! இன்னும் நடக்காத ஒன்றுக்கு இறந்தகாலம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், கடிதத்தில் இருந்த 'நேற்று' எப்படிப் பொருந்தியதோ அப்படித்தான் என்பதே விடை. மாணவன் வாய் திறக்கும் நேரத்தில் பஸ் போயிருக்கும். எண்ணிக்கை அங்கிருந்து தொடங்குகிறது. தமிழில் நாம் 'தவறவிட்டுவிட்டேன் என்பான்' என்று இறந்தகாலத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறோம். ஆங்கிலம் எழுதும்போது மட்டும் பயம் வந்து 'ஹி வில் சே தட் ஹி வில் மிஸ் த பஸ்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதினால், இனிமேல்தான் பஸ்ஸைத் தவறவிடப்போவதாக அவன் சொல்வான் என்று பொருள் மாறிவிடுகிறது.

சொல்லும் நேரத்துக்கும் அப்பால் நடக்கவிருப்பதைக் குறிக்க வேண்டுமானால்தான் உள்ளேயும் 'வில்' தேவை. 'அடுத்த மாதம் கடனை அடைத்துவிடுவேன் என்று சொல்வார்' என்பது 'ஹி வில் சே தட் ஹி வில் பே நெக்ஸ்ட் மன்த்'. இங்கே இரண்டு 'வில்'களும் தத்தம் வேலையைச் செய்கின்றன: ஒன்று சொல்வதற்கு, மற்றொன்று அடைப்பதற்கு.

உறை இறந்தகாலத்தில் அமைந்தால் நிலைமை வேறு. 'வருவதாகச் சொன்னார்', 'வருவார் என்று சொன்னார்' என்ற இரண்டிலும் தமிழ் எதிர்கால வடிவத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலமோ உறையில் இருக்கும் இறந்தகாலத்தின் சாயலைக் கடிதத்துக்கும் கொடுத்துவிடுகிறது; 'வில்' என்பதன் இறந்தகால வடிவமான 'வுட்' வருகிறது: 'ஹி செட் தட் ஹி வுட் கம்'. சொன்னது இன்றளவும் செல்லுபடியாகிறது, அவர் வரவேண்டிய நாள் இனிமேல்தான் என்றால் 'ஹி செட் தட் ஹி வில் கம் டுமாரோ' என்பதையும் ஆங்கிலம் பேசுபவர்கள் ஏற்பார்கள். வர வேண்டிய நாள் கடந்துபோன பிறகு 'வில்' பொருந்தாது.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். 'வுட்' என்பதை 'வில்' என்பதன் பணிவான வடிவம் என்று எண்ணி, 'ஐ ஹோப் தட் யூ வுட் கன்சிடர் மை அப்ளிகேஷன்' என்று விண்ணப்பக் கடிதங்களில் எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. 'ஹோப்' நிகழ்காலத்தில் இருக்கும்போது 'வுட்'டுக்குப் பிடிமானம் எதுவுமில்லை. ஏதோ நிபந்தனை இருப்பது போன்ற ஒலி அதில் வந்துவிடுகிறது. 'ஐ ஹோப் தட் யூ வில் கன்சிடர்' என்பதே போதிய பணிவுடையது.

சுருக்கிச் சொன்னால், உறையில் 'வில்' இருந்தால் உள்ளே இருக்கும் காலத்தைச் சொல்லும் நேரத்திலிருந்து எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும்; உறையில் இறந்தகாலம் இருந்தால் உள்ளே இருக்கும் 'வில்' பெரும்பாலும் 'வுட்' ஆகும்.

ஒருமுறை போட்ட உப்பு

குழம்பில் ஒருமுறை உப்புப் போட்டால் போதும். கரண்டிக்குக் கரண்டி போட வேண்டியதில்லை. சில ஆங்கில வினைகள் எதிர்காலத்தைத் தம் பொருளிலேயே கரைத்து வைத்திருக்கின்றன. ஒன்று நடக்கும்படி பார்த்துக்கொள்வதைச் சொல்லும் 'மேக் ஷ்யூர்', 'சீ டு இட்', 'என்ஷ்யூர்' ஆகியவை இந்த இனம். பார்த்துக்கொள்வது என்றாலே, பார்த்துக்கொள்ளப்படும் காரியம் இனிமேல் நடப்பது என்பது அடங்கிவிட்டது. ஆகவே 'பணம் உங்கள் கைக்கு வரும்படி பார்த்துக்கொள்கிறேன்' என்பது 'ஐ வில் சீ டு இட் தட் யூ கெட் த மனி' என்று நிகழ்கால வடிவத்தோடு அமைகிறது. உள்ளேயும் 'வில்' போட்டால் பொருள் விளங்காமல் போகாது. ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது இரட்டை உப்பாகவே படும்.

'சீ' என்ற ஒரே வினை இரு இனங்களிலும் நிற்பது கவனிக்கத்தக்கது. 'யூ வில் சீ தட் ஹி இஸ் ரைட்' என்றால் 'அவர் சொல்வது சரி என்பதை நீங்களே காண்பீர்கள்' என்று பொருள். அவர் இப்போதே சரிதான். 'ஐ வில் சீ தட் ஹி கெட்ஸ் த லெட்டர்' என்றால் 'கடிதம் அவரிடம் சேரும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள். கடிதம் சேர்வது இனிமேல். இரண்டிலும் 'தட்'டுக்குப் பின் நிகழ்கால வடிவமே இருக்கிறது. அந்த வடிவம் இன்றைய நிலையைச் சொல்கிறதா, நாளைய செயலைச் சொல்கிறதா என்பதை வடிவத்தைக் கொண்டு அறிய முடியாது. முன்னால் நிற்கும் வினையின் பொருளைக் கொண்டே அறிய வேண்டும்.

'ஹோப்' இந்த இனத்தை ஒட்டி நிற்கும். எதிர்பார்ப்பு முன்னோக்கிப் பார்ப்பது என்பதால் 'ஐ ஹோப் தட் ஹி கம்ஸ்' என்றும் சொல்லலாம், 'ஐ ஹோப் தட் ஹி வில் கம்' என்றும் சொல்லலாம். 'திங்க்' அப்படியல்ல. நினைப்பு எந்தக் காலத்தையும் நோக்கிச் செல்லக்கூடியது. ஆகவே நாளைய வரவைச் சொல்ல 'ஐ திங்க் தட் ஹி வில் கம்' என்று 'வில்'லை வெளிப்படையாக வைக்க வேண்டும். வரமாட்டார் என்று நினைத்தால் ஆங்கிலம் மறுப்பை வெளி வாக்கியத்துக்கே நகர்த்திவிட விரும்பும்: 'ஐ டோன்ட் திங்க் தட் ஹி வில் கம்'. 'வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்று உள்ளே மறுக்கும் தமிழுக்கு இது நேர்மாறு.

வற்புறுத்தும் வினைகள்

கோருதல், பரிந்துரைத்தல், வற்புறுத்தல் ஆகியவற்றைச் சொல்லும் 'டிமாண்ட்', 'ரெகமெண்ட்', 'இன்சிஸ்ட்' போன்ற வினைகளுக்குப் பின் காலமே இல்லாத வடிவம் ஒன்று வரும். கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கும் என்பதை 'த கமிட்டி வில் ரெகமெண்ட் தட் த ஃபீ பி ரெட்யூஸ்ட்' என்று எழுதுவார்கள். அங்கே இருப்பது 'இஸ்' அல்ல, 'வில் பி'யும் அல்ல, வெறும் 'பி'. காலமோ இடமோ ஏறாத வினையின் மூல வடிவம் அது. அமெரிக்காவில் இதுவே இயல்பான வழக்கு. பிரிட்டனில் 'ஷுட் பி' என்று எழுதும் வழக்கமும் வலுவாக உண்டு. கட்டணம் குறையும் என்று குழு சொல்லவில்லை, குறைய வேண்டும் என்கிறது. நடப்பைச் சொல்லாத வாக்கியத்துக்குக் காலம் தேவைப்படாமல் போவதில் வியப்பில்லை.

'ஐ வில்' என்று சொல்லி ஏற்கும் பொறுப்பு

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் நாடாளுமன்ற உறுப்பினர் எடுக்க வேண்டிய உறுதிமொழியின் ஆங்கில வாசகம் இருக்கிறது. அதில் 'ஸ்வேர்' அல்லது 'அஃபர்ம்' என்ற வினை நிகழ்காலத்தில் நிற்க, அதன் பின் 'தட் ஐ வில்' மூன்று முறை வருகிறது: அரசமைப்பிடம் உண்மையான பற்றுக் கொண்டிருப்பேன் என்பதற்கு ஒன்று, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பதற்கு ஒன்று, ஏற்கும் கடமையை நேர்மையாக நிறைவேற்றுவேன் என்பதற்கு ஒன்று. நடுவில் உள்ளது 1963-இல் நிறைவேறிய 16-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தது. ஒவ்வொரு உறுதிக்கும் தனித்தனியே 'தட்' வைத்திருப்பதால், எதுவும் மற்றொன்றின் பகுதியாக மங்கிவிடாமல் மூன்றும் தனித்து நிற்கின்றன. சட்ட வாசகம் எழுதுவோர் இந்தச் சிறு சொல்லுக்குத் தரும் மதிப்பை இதில் காணலாம்.

இங்கே 'வில்' எங்கே நிற்கிறது என்பது முக்கியம். உறுதி எடுப்பது இப்போதே, சொல்லும் அந்தக் கணத்திலேயே நிகழ்கிறது. ஆகவே உறையில் 'வில்' இல்லை. உறுதியை நிறைவேற்றுவதுதான் எதிர்காலம். ஆகவே கடிதத்தில் 'வில்' இருக்கிறது. இடம் மாற்றி 'ஐ வில் ஸ்வேர்' என்று ஒருவர் சொன்னால், பிறகொரு நாள் உறுதி எடுப்பதாக அறிவித்தவர் ஆவாரே தவிர, உறுதி எடுத்தவர் ஆகமாட்டார்.

எதிர்காலத்தைச் சொல்லாத 'யூ வில்'

'யூ வில் அக்ரீ தட்', 'யூ வில் ரிமெம்பர் தட்', 'யூ வில் ஹேவ் நோட்டீஸ்ட் தட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் ஆங்கிலக் கட்டுரைகளில் நிறைய வரும். வாசகர் நாளைக்கு நினைவுகூர்வார் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. இப்போதே நினைவிருக்கும் என்ற கணிப்பே இது. தமிழருக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது, ஏனெனில் நம் எதிர்கால வடிவமும் இதே வேலையைச் செய்கிறது. 'உங்களுக்கு நினைவிருக்கும்', 'கவனித்திருப்பீர்கள்', 'இந்நேரம் வீட்டில் இருப்பார்' ஆகியவை எதிர்கால வடிவில் அமைந்த இன்றைய கணிப்புகள். 'வில்' கணிப்பின் சொல் என்று முன்பு கண்டதற்கு இது நல்ல சான்று. இத்தகைய தொடர்களின் பின், உள்ளே வரும் காலம் உண்மை நிலையை ஒட்டியே அமையும்: 'யூ வில் ரிமெம்பர் தட் த பிரிட்ஜ் வாஸ் க்ளோஸ்ட் லாஸ்ட் இயர்' என்றால், கடந்த ஆண்டு பாலம் மூடப்பட்டிருந்தது நினைவிருக்கும் என்பதே பொருள்.

'தட்'டை ஏற்காத வினைகள்

தமிழில் 'என்று' ஏற்காத மனவினை அரிது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'நீங்கள் வர வேண்டும் என்று விரும்புவார்கள்' என்பதை 'தே வில் வான்ட் தட் யூ ஷுட் கம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. 'வான்ட்' என்ற வினை ஆளை நேரே வாங்கிக்கொண்டு, செயலை 'டு' என்ற சொல்லோடு வாங்கும்: 'தே வில் வான்ட் யூ டு கம்'. 'டெல்' 'தட்'டை ஏற்கும், ஆனால் யாரிடம் சொல்வது என்பதை முதலில் கேட்கும்: 'ஹி வில் டெல் மீ தட் ஹி இஸ் இல்'. ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் 'சே' இருக்கிறது. 'எக்ஸ்ப்ளெய்ன்' இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆளைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், சொன்னால் முன்னால் 'டு' வேண்டும்: 'ஷி வில் எக்ஸ்ப்ளெய்ன் டு அஸ் தட் த ஆஃபீஸ் இஸ் க்ளோஸ்ட்'. புதிய வினை ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளோடு, அது தன் பின்னால் எதை அழைத்துவருகிறது என்பதையும் ஒரு முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 'வான்ட்' என்பதற்கு நேரே 'விரும்பு' என்று மட்டும் எழுதிவைத்தவருக்கு, அது 'தட்'டை ஏற்காது என்பதை அந்தக் குறிப்பு ஒருபோதும் சொல்லாது.